ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங்

"நீங்க கத்தியைப் பிடிச்சிருக்கும்போது இவ மூச்சை யாரு பாப்பாங்க?"

டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. அவர் என்னை ஒரு மாதிரி ஏறிட்டுப் பார்த்தார். நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்று வருகிறவர்கள் எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் தையல் பிரிப்பீர்கள், அப்புறம் குண்டாகிவிடுமா என்றுதான் கேட்பார்களாம். என் காலடியில் செவத்தி உட்கார்ந்திருந்தாள். செவலை நிறம், சாட்டை மாதிரி வால், விலா எலும்பை எண்ணிவிடலாம். இரண்டு வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை. கோவில்பட்டிப் பக்கம் இந்த ஜாதி நாயைப் பார்க்காதவர்கள் கிடையாது.

அந்தக் கேள்வி எனக்குள் பல வருஷமாகக் கிடந்தது. அதற்குக் காரணம் கருவாயன்.

கருவாயன் நாட்டு நாய். வாய் மட்டும் கரி பூசின மாதிரி இருக்கும். 2009இல் அவனுக்கு ஐந்து வயது. தெருத்தெருவாகச் சண்டைக்குப் போய்க் காதைக் கிழித்துக்கொண்டு வந்ததால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனேன். எடை போடவில்லை. "ஒரு இருவது கிலோ இருப்பானா?" என்று கேட்டார்கள். நானும் மூட்டை தூக்குகிறவன் மாதிரி அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இருப்பான்" என்றேன். ஊசி போட்டார்கள். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. "மெதுவா முழிச்சிரும், தூக்கிட்டுப் போங்க" என்றார்கள். சாக்கு விரித்து ஆட்டோவின் பின்பக்கத்தில் கிடத்தினேன். பதினோரு கிலோமீட்டர். நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, செல்போனில் டூட்டி மாற்றுவது பற்றி யாரிடமோ பேசிக்கொண்டு வந்தேன். வீட்டில் இறக்கும்போது அவன் தலை சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி நீலம்.

ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரே சொன்னது. நானும் பத்து வருஷம் அப்படித்தான் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

நான் மின்வாரியத்தில் துணை மின்நிலைய ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு வருஷம் என் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூடு எத்தனை, வைண்டிங் சூடு எத்தனை, எந்த ஃபீடரில் எத்தனை ஆம்பியர், பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று மணிக்கு ஒருதரம் நடந்து போய்ப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். எங்களில் சில பேர் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணி ரீடிங்கைப் பன்னிரண்டு மணிக்கே எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பெரும்பாலான ராத்திரிகளில் அந்தப் பொய் ரீடிங்கும் நிஜமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒத்துப்போகாத ஒரு ராத்திரிக்காகத்தான் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா ஈரோட்டுப் பக்கம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கருவாயன் கதையைக் கேட்டுவிட்டு, "கழுத்து மடங்கியிருந்துச்சுங்களா?" என்று அதை மட்டும் திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார்: "மயக்கத்துல இருக்கிற நாய்க்கு நாக்கு, தொண்டை எல்லாம் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். தலை நேரா நீண்டிருந்தா காத்து போகும். மடங்கினா அடைச்சுக்கும். முழிச்சிருக்கிற நாய் தலையைத் திருப்பிக்கும், இருமும். மயங்கிக் கிடக்கிறதுக்கு அது முடியாதுங்க. பக்கத்துல இருக்கிறவங்கதான் திருப்பி விடணும்."

இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பைப் பற்றியும் சொன்னார். 2002 முதல் 2004 வரை 117 மருத்துவமனைகளில், மயக்கமோ தூக்க ஊசியோ கொடுக்கப்பட்ட சுமார் 98,000 நாய்களின் கணக்கு. ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு, சரியாகச் சொன்னால் 0.17 சதவீதம், மயக்கம் தொடர்பாக இறந்திருக்கின்றன. அதையே பிரித்துப் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான நாய்களில் 1,850க்கு ஒன்று. ஏற்கெனவே நோயோடு மேஜைக்கு வந்த நாய்களில் 75க்கு ஒன்று. மருந்தும் டாக்டரும் கிட்டத்தட்ட அதே; படுக்கிற நாயின் உடம்பு வேறு.

என்னை உறையவைத்தது இதற்கு அடுத்த கணக்கு. இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதி, 47 சதவீதம், ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். கத்தியை வைத்தாகிவிட்டது, கட்டுப் போட்டாகிவிட்டது, எல்லோரும் கை கழுவப் போயிருப்பார்கள். அந்த நேரம். பதினோரு கிலோமீட்டர் ஆட்டோவில் போகிற நேரம்.

அன்றைக்கு நான் செவத்தியைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். ஆபரேஷன் தேதி குறித்தாகவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை.

செவத்திக்கு ஆபரேஷன் எதற்கு என்று தெருவில் ஒரு வழக்கே நடந்தது. "அண்ணாச்சி, குட்டி ஒண்ணு என்ன விலை போகும் தெரியுமா?" என்று ஒருவர். ஒரு ஈத்தாவது ஈனட்டும், இல்லாவிட்டால் பெட்டைக்கு ஆகாது என்று இன்னொருவர். அதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பது டாக்டரம்மாவின் பதில். என்னை முடிவெடுக்க வைத்தது எதிர்வீட்டு நாய். ஒன்பது வயதில் அதற்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டியது. பருவம் வந்துபோன சில வாரங்களில் வயது முதிர்ந்த பெட்டைகளுக்கு வருகிற வியாதி. காய்ச்சலோடு, தண்ணீரைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நாயை நடுராத்திரி மேஜையில் ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டது. ஆனால் அது 75க்கு ஒன்று என்கிற வரிசையில் நின்று செய்துகொண்ட ஆபரேஷன். என்றைக்கோ செய்ய வேண்டியதை 1,850க்கு ஒன்று வரிசையில் நிற்கும்போதே செய்துவிடலாமே என்பது என் கணக்கு. செவத்திக்குப் பருவம் வந்து போய் இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அதுவும் சரியான காலமாம். பருவத்தில் இருக்கும்போது கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும், கைபட்டால் ரத்தம் கூடுதலாகப் போகும்.

ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்தில் காகிதம் வந்தது. ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரி. தட்டணுக்கள் மட்டும் 62,000. நாய்க்கு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த இந்த ஒல்லி ஜாதிகளுக்குத் தட்டணு இயல்பாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும் என்றாலும் அறுபதாயிரம் இயல்பு இல்லை. காதைப் புரட்டி, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். உண்ணி. ரெண்டே ரெண்டு. நான் தினமும் பார்த்துப் பிடுங்குகிறவன்தான். விரல் இடுக்கை விட்டுவிட்டேன்.

உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களிடம் ஒளிந்திருக்கும் வியாதி. சாப்பிடும், ஓடும், வாலாட்டும். உள்ளே எர்லிக்கியா என்கிற கிருமியால் தட்டணுக்கள் குறைந்துகொண்டிருக்கும். இன்னொன்று, சிவப்பணுக்களுக்குள் புகுந்து ரத்தசோகையை உண்டாக்கும் பபீசியா. அதில் ஒரு வகைக்குப் பபீசியா கிப்சோனி என்று பெயர். உலகத்திலேயே முதன்முதலாக அதை 1910இல் பேட்டன் என்கிற வெள்ளைக்காரர் விவரித்தது நம் சென்னையில்தான். மெட்ராஸ் ஹன்ட் என்று துரைமார்கள் நரி வேட்டைக்கு வைத்திருந்த நாய்க் கூட்டத்தின் ரத்தத்தில் கண்டார், பிறகு நரியின் ரத்தத்திலும். ஆக இந்த மண்ணுக்கும் இந்த வியாதிக்கும் நூறு வருஷத்துக்கு மேலான உறவு ஏட்டிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, ரத்தம் பார்க்காமல் மயக்க ஊசி போடுவது லைன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்க்காமல் கம்பத்தில் ஏறுவது மாதிரி. தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது. சிவப்பணு குறைந்தால், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அதைச் சுமந்துபோக வண்டி கிடையாது.

"மயக்கம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க ஒவ்வொரு நாய்க்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கிளாஸ் போடுவோம்" என்றார் டாக்டரம்மா. மனிதர்களுக்கு அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் வகுத்த அதே கணக்கு. ஒன்று என்றால் ஒரு குறையும் இல்லாதது. ஐந்து என்றால் ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் பிழைப்பது கஷ்டம். "இவ இப்ப மூணு. மருந்து கொடுத்து ஒண்ணாங் கிளாஸ் ஆக்கிக் கூட்டிட்டு வாங்க."

இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின். மாத்திரையை நாட்டுக்கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தால் செவத்தி ஈரலை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் அழகாகத் தரையில் வைத்துவிடுவாள். கருப்பட்டிப் பாகில் உருட்டிக் கொடுத்துத்தான் ஜெயித்தோம். திரும்ப எடுத்த ரத்தத்தில் தட்டணு ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம். "இந்த ஜாதிக்கு இது போதும்" என்று தேதி கொடுத்தார்.

அந்தத் தேதியும் கெட்டது. கெடுத்தது நான்.

முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் சோறு கொடுக்கக் கூடாது, காலையில் தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லா ஏற்பாடும் சரி. என் மனைவி சட்டியைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள். காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் நடக்கப் போனோம். வழக்கம்போல் டீக்கடையில் நின்றேன். வழக்கம்போல் கடைக்காரர் இரண்டு பொறையைத் தூக்கிப் போட்டார். நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன். நொறுக் என்கிற சத்தத்தில் நிமிர்ந்தபோது ஒன்று உள்ளே போய்விட்டது. மற்றதைப் பிடுங்குவதற்குள் அதுவும்.

ரெண்டு பொறைதானே, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யோசித்தேன். ஏற்கெனவே ஒன்றரை மாதம் தள்ளிப் போயிருந்தது. மதுரையிலிருந்து மகள் வேறு லீவு போட்டு வந்திருந்தாள். உள்ளே போனதும் டாக்டரம்மாவின் உதவியாளப் பெண் கேட்டாள்: "தாத்தா, காலைல எதுவும் சாப்பிடலையே?" பத்தொன்பது இருபது வயதிருக்கும். கையில் பேனா, அட்டையில் மாட்டின தாள். என் லாக் ஷீட் மாதிரியே கட்டம் கட்டமாக. பொய் சொல்ல வாய் வரவில்லை.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். மயக்க மருந்து இரைப்பையின் மூடியைத் தளர்த்திவிடும். சில ஊசிகளுக்கு வாந்தியே வரும். விழித்திருக்கும்போது புரையேறினால் இருமித் துப்பிவிடலாம். மயங்கிக் கிடக்கும்போது அந்தப் பொறைக் கூழ் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்று அமிலத்தோடு. அதற்காக நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் தப்பு என்றார். வளர்ந்த நாய்க்கு ஆறு மணி நேரம் போதும். சின்னக் குட்டிகளை அவ்வளவு நேரம்கூட விடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். ராத்திரி பத்து மணி என்று அவர்கள் சொல்வது, என்னைப் போன்ற டீக்கடை வாடிக்கைக்காரர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான்.

மூன்றாம் முறை டீக்கடைப் பக்கமே போகவில்லை.

அறைக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே நின்று பார்க்க அனுமதித்தார். முதலில் எடை. பதினாறு கிலோ நானூறு கிராம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐந்து கிலோவுக்கு, பத்துக்கு, பதினைந்துக்கு என்று அட்ரினலின் எத்தனை மில்லி, அட்ரோபின் எத்தனை மில்லி என்று கொட்டை எழுத்தில். "இதயம் நின்னுட்டா அந்த நேரத்துல கணக்குப் போட மூளை ஓடாதுங்க ஐயா. அதனால முன்னாடியே போட்டு வெச்சிருக்கோம்." எங்கள் கண்ட்ரோல் ரூமிலும் தீயணைப்பு நம்பர் அப்படித்தான் சுவரில் இருக்கும்.

அப்புறம் அந்தப் பெண் மயக்க மிஷினைச் சோதித்தாள். மதுரையில் யாரோ விற்ற பழைய மிஷின். சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, பையை அழுத்தி, எங்கேயாவது கசிகிறதா என்று காது கொடுத்தாள். கடைசியாக ஒரு சின்ன வால்வைத் திருகித் திறந்து, "திறந்தாச்சு மேடம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த வால்வின் வழியாகத்தான் மிச்சக் காற்று வெளியேறும். சோதனைக்காக மூடினதைத் திறக்க மறந்துவிட்டால், உள்ளே போகிற காற்று போய்க்கொண்டே இருக்கும், வெளியே வர வழியில்லை. நுரையீரல் ஊதிய பலூன் ஆகி, இதயத்தை நசுக்கி, நல்ல நாய் செத்துப்போகும். வெளிநாடுகளிலும் இந்த மறதியால் நாய்கள் செத்திருக்கின்றன. துணை மின்நிலையத்தில் ஐசொலேட்டரைத் திறந்தால் "ஓப்பன்" என்று சத்தமாகச் சொல்லி, எதிராளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

பதற்றம் அடங்க முதலில் ஒரு ஊசி, கூடவே வலிக்கு ஒன்று. முன்னங்காலில் முடி மழித்து நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றி, குளுக்கோஸ் பாட்டில் மாதிரித் தொங்கும் திரவம். கிலோவுக்கு ஐந்து மில்லி வீதம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் எண்பது மில்லி. இந்தக் குழாய் திரவத்துக்கு மட்டும் இல்லை. விபரீதம் நடந்தால் மருந்து உள்ளே போக ஒரு திறந்த வாசல் இருந்தாக வேண்டும். இரத்த அழுத்தம் விழுந்த நாய்க்கு அப்போது போய் நரம்பு தேட முடியாது. கருவாயனுக்கு அந்த வாசல் கிடையாது. தசையில் ஒரு ஊசி, அவ்வளவுதான்.

பிறகு பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து, புரோபோஃபால். அதை இவ்வளவு மெதுவாகவா ஏற்றுவார்கள் என்று இருந்தது. வேகமாகப் போனால் மூச்சு நின்றுவிடுமாம். கொஞ்சம் கொடுப்பது, பார்ப்பது, இன்னும் கொஞ்சம் கொடுப்பது.

சிப்பிப்பாறைக்கு மருந்து தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் உண்டு. தயோபென்டோன் என்கிற பழைய மருந்து ரத்தத்திலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் இறங்குவதால்தான் மயக்கம் தெளியும். கிரேஹவுண்ட் மாதிரியான வேட்டை நாய்களுக்குக் கொழுப்பு ரொம்பக் குறைவு. போதாததற்கு, அவற்றின் ஈரல் அந்த மருந்தைக் கரைப்பதும் மெதுவாக. மற்ற நாய் எழுந்து நிற்கிற நேரத்தில் கிரேஹவுண்ட் தூங்கிக்கொண்டே இருக்கும். நம் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் அதே உடல்வாகு. அதனால் டாக்டரம்மா அந்த மருந்தைத் தொடுவதில்லை. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு வேறு பயம். அவற்றின் தொண்டை எப்போதுமே பாதி அடைத்ததுதான். முழித்துத் தலை தூக்குகிற வரை குழாயை எடுக்க மாட்டார்கள். கோலி ஜாதிகளில் சிலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறால் வழக்கமான தூக்க ஊசியே அளவுக்கு மீறி ஏறிவிடும். நாய் என்று ஒன்று இல்லை போலிருக்கிறது, நாய்கள்தான்.

செவத்தி துவண்டதும் வாயைத் திறந்து, நாக்கை இழுத்துப் பிடித்து, மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் குழாயை இறக்கினார்கள். குழாயின் நுனியில் சின்ன பலூன் ஒன்று ஊதிக்கொண்டு அடைப்பதால் வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குப் போகாது. அதன் வழியாக ஆக்சிஜனும் ஐசோஃப்ளூரேன் ஆவியும். நாக்கின் மேல் ஒரு கிளிப். துணி உலர்த்தும் கிளிப் மாதிரிதான் இருக்கும். அதுதான் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி. கொரோனா காலத்தில் நாமெல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டோமே, அதுவேதான். 97 என்று காட்டியது.

அந்தப் பெண் செவத்தியின் தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. வெளியே ஒரு பொமரேனியன் கத்திக் களேபரம் பண்ணியது, திரும்பவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாளில் எழுதினாள். இதயத்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், ஈறின் நிறம், உடம்புச் சூடு. நடுநடுவே ஈறை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தாள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். இமையைத் தொட்டுப் பார்த்தாள். விழி கீழே உருண்டிருந்தால் மயக்கம் சரியான ஆழத்தில் இருக்கிறது. நடுவுக்கு வந்துவிட்டால் ஒன்று தெளிகிறது, இல்லை மிக ஆழமாகப் போய்விட்டது. எது என்று தாடையின் இறுக்கத்தை வைத்துச் சொல்வார்களாம். சென்னை வேப்பேரி போன்ற கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதைவிடப் பெரிய கருவிகள் உண்டு. எந்தக் கருவியும் நாக்கிலிருந்து கிளிப் நழுவினதை எடுத்து மாட்டாது.

கர்ப்பப்பையைப் பிடித்து இழுக்கிற கட்டத்தில் துடிப்பு 92லிருந்து 118க்கு ஏறியது. "நூத்திப் பதினெட்டு மேடம்." டாக்டரம்மா கையை நிறுத்தினார். சூல்பையைக் கட்டியிருக்கிற நார்தான் இந்த ஆபரேஷனிலேயே அதிகம் வலிக்கிற இடம். மயக்கத்திலும் உடம்புக்கு அது தெரிகிறது. அந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தார். "நூத்தி ரெண்டு." மறுபடி கை ஓடியது.

துடிப்பைப் பார்ப்பதா, மூச்சைப் பார்ப்பதா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அதுவும் நம் பக்கத்து ஹைதராபாத்தில், அதுவும் நாய்களை வைத்து. 1888, 1889இல் நிஜாமின் பணத்தில் குளோரோஃபார்ம் கமிஷன் என்று இரண்டு நடந்தன. நடத்தினவர் எட்வர்ட் லாரி என்கிற டாக்டர். எடின்பரோவில் படித்தவர். மூச்சைப் பார்த்தால் போதும், நாடி பார்க்க வேண்டாம் என்பது அவருடைய குருவின் பாடம். லண்டன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'லான்செட்' பத்திரிகை லாடர் பிரன்டன் என்ற பெரிய டாக்டரை இங்கே அனுப்பிவைத்தது. நாய்கள், குரங்குகள் என்று நூற்றுக்கணக்கில் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்து, எப்போதும் மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். லாரிக்கு வெற்றி. ஆனால் 1911இல் லெவி என்பவர் பூனைகளை வைத்து வேறொன்றைக் காட்டினார். குளோரோஃபார்ம் குறைவாக இருக்கும் அரை மயக்கத்தில், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிட முடியும். அத்தனை நாய்கள் செத்தும் ஹைதராபாத்தில் பாதிதான் தெரிந்திருக்கிறது. இதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "அதுதான் பொண்ணு ரெண்டையும் எழுதுறா" என்றார். இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் பூனைகளைப் பற்றிய பகுதியிலும் இதே செய்தி வந்திருக்கிறது: நாடியையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே இருந்த இடங்களில் சாவு குறைவு.

நாற்பது நிமிஷத்தில் தையல் முடிந்தது. நான் எதிர்பார்த்திருந்த நேரம் அப்போதுதான் ஆரம்பித்தது.

ஆவியை நிறுத்தினார்கள், ஆக்சிஜனை நிறுத்தவில்லை. உடம்புச் சூடு 36.4 டிகிரி. நாய்க்கு முப்பத்தெட்டுக்கு மேல் இருக்க வேண்டும். வெளியே கோவில்பட்டி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கிறது, இவள் குளிரில் நடுங்குகிறாள். மழித்த வயிறு, ஸ்பிரிட் தடவின ஈரம், திறந்த வயிற்றின் வழியே போன சூடு, இதற்கு மேல் ஒட்டிப்போன சிப்பிப்பாறை உடம்பு. சூடு இறங்கினால் ஈரல் மருந்தைக் கரைப்பதும் மந்தமாகிவிடும், தெளிவது தள்ளிப்போகும். வெந்நீர்ப் பாட்டில்களைத் துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தார்கள். வெறும் பாட்டிலை வைத்தால் வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பது விலகிப் படுக்காது.

விழுங்குகிற மாதிரித் தொண்டை அசைந்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். பக்கவாட்டில் கிடத்தி, கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்துவிட்டார்கள். அப்போது டாக்டரம்மா கதவைத் திறந்து, "ஐயா, நீங்க வந்து உக்காருங்க" என்றார். அந்தப் பெண் முக்காலியை எனக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். கழுத்தின் கீழ் என் உள்ளங்கையை வைத்தேன். காற்று போய் வருவது கையில் தெரிந்தது. செவத்தி ஒருவிதமாக ஊளையிட்டாள். வலி இல்லை தாத்தா, தெளியும்போது அப்படித்தான் பினாத்தும் என்றாள் அந்தப் பெண். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். செவத்தி தானாகத் தலையைத் தூக்கி, எழுந்து, இடறி, நாலு அடி நடந்து, என் செருப்பை மோந்து பார்த்த பிறகுதான் விட்டார்கள். அப்போது சூடு 38.1.

காரில்தான் போனோம். பின்சீட்டில் என் மடியில் தலை. மகள் ஓட்டினாள். போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி என் மனைவி, "நீங்க படுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். முடியாது என்றேன். பீரோவின் மேலிருந்து பழைய லாக் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஓய்வுபெற்ற நாளில் நண்பர்கள் வேடிக்கைக்காகக் கொடுத்த, எழுதாத புத்தகம். எண்ணெய்ச் சூடு என்று அச்சடித்த கட்டத்தில் உடம்புச் சூடு எழுதினேன். ஆம்பியர் கட்டத்தில் மூச்சு. குறிப்பு என்கிற கட்டத்தில் ஈறு. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு மணிக்குச் செவத்தி கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். வாந்தி இல்லை. ரெண்டு மணிக்கு எனக்குக் கண் சொருகியது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதினேன். அந்தப் பக்கத்தின் கடைசி வரி இது:

04.00. சூடு 38.4. மூச்சு 18. ஈறு ரோஸ். வெளியே போகணும்னு கதவைப் பிறாண்டுது.